பரிசும் செவியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)





தமிழ்ச் சங்கத்து மேடையேறுவோர் திருக்குறளையோ கம்பனையோ சிலம்பையோ எடுத்துக்கொண்டு பேசுவது மரபு. திரைப்பட இசைக்கு வழங்கப்படும் விருதுகளைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று நான் தெரிவித்தபோது செயலாளர் சற்றே தயங்கினார். ஆண்டு விழாவுக்கு அது தகுந்த பொருள்தானா என்பது அவர் ஐயம். தகுந்ததுதான் என்பது என் துணிபு. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் மாதவியின் ஆடலை மட்டுமா இளங்கோவடிகள் சொல்லுகிறார்? ஆடலாசான், இசையாசான், தண்ணுமை முழக்குவோன், குழலோன், யாழாசிரியன் என்று ஒவ்வொருவரின் இலக்கணத்தையும் தனித்தனியே வகுத்துரைத்த பிறகுதான் அவள் மேடைக்கு வருகிறாள். ஆடியவளுக்குத் தலைக்கோற்பட்டமும் பரிசும் கிடைத்ததை உரைக்கும் அதே காதை, அவளுக்குப் பின்னால் அமர்ந்திருந்தவர்களையும் மறக்கவில்லை. இன்றைய என் பேச்சுக்கு அந்தக் காதையே தோற்றுவாய்.

நம் மும்பை நகரத்தில் தமிழர் இருவர் மின்சார ரயிலில் எதிரெதிரே அமர்ந்தால், தாதரில் தொடங்கும் பேச்சு முலுண்ட் வருவதற்குள் இளையராஜாவா, ரஹ்மானா என்னும் இடத்திற்கு வந்து சேர்ந்துவிடும். பக்கத்தில் நிற்கும் மராத்திய நண்பர் நௌஷாதையும் சங்கர்-ஜெய்கிஷனையும் துணைக்கு அழைப்பார். வங்காள அன்பர் இருந்தால் சலில் சௌத்ரியின் பெயர் வரும். விருதுப் பட்டியல் வெளிவரும் நாட்களில் இந்த விவாதம் உச்சத்தை அடையும். “அவருக்கு எப்படிக் கொடுத்தார்கள்? இவருக்கு ஏன் கொடுக்கவில்லை?” என்ற இரண்டு கேள்விகளைச் சுற்றியே நள்ளிரவு வரை கைப்பேசிகள் சூடேறும். நம் சங்கத்து இளைஞர்களிடையே இக்காரணத்தால் பேச்சுவார்த்தையையே நிறுத்திக்கொண்ட நண்பர்களும் உண்டு. அவர்கள் இருவரும் இந்த அவையில் வெவ்வேறு வரிசைகளில் அமர்ந்திருக்கிறார்கள் என்பதை நான் அறிவேன். பெயர் சொல்லமாட்டேன், அஞ்ச வேண்டாம்.

ரசிகர்கள் வாதாடுவது நல்லது என்பதே என் கருத்து. வாதாடாத ரசிகன் கூர்ந்து கேட்பதில்லை. ஆயினும், வழக்காடுவோர் எந்தச் சட்டப் பிரிவின் கீழ் வழக்காடுகிறோம் என்பதையேனும் அறிந்திருத்தல் வேண்டுமல்லவா? திரையிசை விருதுகளைப் பற்றி நாம் நடத்தும் வழக்குகளில் பெரும்பாலானவை அதை அறியாமலே நடைபெறுகின்றன. ஆகவே, தீர்ப்புச் சொல்லுமுன் நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய நான்கு கேள்விகளை உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

முதற்கேள்வி: அந்த விருது அப்போது இருந்ததா?

இது எளிய கேள்வி. ஆயினும் கேட்பார் இல்லை. மெல்லிசை மன்னர் எம். எஸ். விசுவநாதன் மத்திய அரசின் தேசியத் திரைப்பட விருதை ஒருமுறையேனும் பெறாமலே 2015-ஆம் ஆண்டு மறைந்தார். இதைச் சொல்லி வருந்தாத தமிழர் இல்லை. வடக்கத்தியார் செய்த ஓரவஞ்சனை என்று சொல்லிச் சினப்பவர்களும் உண்டு. ஆனால் ஆண்டுகளைச் சற்றே எண்ணிப் பாருங்கள். தேசியத் திரைப்பட விருதுகள் 1953-ஆம் ஆண்டுப் படங்களுக்காக 1954-இல் தொடங்கின. அப்போது படங்களுக்குத்தான் பரிசு. இசையமைப்பாளருக்குத் தனிப் பரிசு இல்லை. இசையமைப்புக்கான விருது 1967-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் வழக்கத்துக்கு வந்தது. விசுவநாதனும் ராமமூர்த்தியும் இணைந்து பணியாற்றிய பொற்காலமோ 1965-ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது. ‘கர்ணன்’, ‘காதலிக்க நேரமில்லை’ ஆகிய இரண்டும் 1964-ஆம் ஆண்டுப் படங்கள். அவற்றை நிறுப்பதற்கு எடைக்கல்லே அப்போது செய்யப்படவில்லை! அவருக்கும் முன்னவரான ஜி. ராமநாதன் 1963-லேயே காலமாகிவிட்டார். 1967-க்குப் பிறகும் விசுவநாதன் பல்லாண்டுகள் இசையமைத்தார். அக்காலத்து நடுவர்களைக் கேட்க வேண்டிய கேள்வி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் இரட்டையரின் இசைக்குப் பரிசில்லை என்பதற்கு எந்த நடுவரும் பொறுப்பாக மாட்டார்.

இன்னொன்றையும் இங்கே நினைவூட்ட வேண்டும். இசையமைப்புக்கென்று தேசிய விருது ஏற்பட்டபோது அதை முதன்முதலில் பெற்றவர் யார்? ‘கந்தன் கருணை’ படத்துக்கு இசையமைத்த கே. வி. மகாதேவன். அனைத்திந்திய அளவில் அந்த வரிசையின் முதற்பெயரே தமிழ்ப் படத்துக்கு உரியது. ஓரவஞ்சனை பேசுவோர் இதையும் உடன் பேசுதல் நேர்மையாகும்.

இரண்டாம் கேள்வி: அளக்கப்பட்டது எது? பாட்டா, பின்னணி இசையா?

அன்பர்களே, நம் விவாதங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு குழப்பத்தினால் விளைந்தவை. இந்தியத் திரைப்படத்தில் இசையமைப்பாளர் இரண்டு தொழில்களைச் செய்கிறார். படப்பிடிப்புக்கு முன்பே பாட்டுக்கு மெட்டமைப்பது ஒன்று. படம் தொகுக்கப்பட்ட பின், காட்சிகளைப் பார்த்து, எந்த இடத்தில் இசை தொடங்க வேண்டும், எந்த இடத்தில் நிற்க வேண்டும், எந்த இடத்தில் அது இருக்கவே கூடாது என்று முடிவு செய்து, அதற்கேற்ப வாத்தியங்களுக்கு எழுதித் தருவது மற்றொன்று. பாட்டு வானொலியில் ஒலிக்கிறது. திருமண வீட்டில் ஒலிக்கிறது. குழந்தையின் வாயிலும் ஒலிக்கிறது. பின்னணி இசைக்கோ படத்தைவிட்டுத் தனிவாழ்வு அரிது. உரையாடலுக்கு அடியில் அது ஓடுகிறது. கேட்டதாகவே நாம் உணர்வதில்லை. ஆனால் அதை எடுத்துவிட்டால் காட்சி உயிரற்றுப் போகிறது.

1955-இல் வெளிவந்த சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’யைப் பார்த்தவர்கள் ஒரு காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். வெளியூர் சென்றிருந்த தந்தை வீடு திரும்புகிறார். மகள் துர்காவுக்கென்று வாங்கி வந்த புடவையை எடுத்துக் காட்டுகிறார். மகள் இறந்துபோன செய்தி அவருக்குத் தெரியாது. தாய் சர்வஜயா வாய்விட்டு அலறுகிறாள். அந்த அலறல் நமக்குக் கேட்பதில்லை! அந்த இடத்தில் தார் ஷெனாய் என்னும் தந்தி வாத்தியம் ஓங்கி ஒலிக்கிறது. தாயின் குரலுக்கு ஈடாக வாத்தியத்தின் குரலை வைத்தார் ராய். இசை தந்தவர் ரவிசங்கர். தார் ஷெனாயை வாசித்தவர் தட்சிணா மோகன் தாகூர். அந்த ஆண்டின் சிறந்த இந்தியப் படமென்று அதற்குக் குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. ஆனால் இசைக்கென்று தனிப் பரிசு தர அன்று வழியில்லை. பின்னாளில் இசைவிருது வந்த பிறகும், அது பாட்டுக்கா பின்னணிக்கா என்று பிரித்துச் சொல்லப்படவில்லை.

பின்னணி இசைக்கென்று தனியான தேசிய விருது 1994-ஆம் ஆண்டுப் படங்களுக்காக ஒருமுறை வழங்கப்பட்டது. ‘சுக்ருதம்’ என்னும் மலையாளப் படத்துக்காக ஜான்சன் அதைப் பெற்றார். பின்னர் அது நின்றுபோயிற்று. மீண்டும் 2009-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் பாட்டுக்கு ஒன்று, பின்னணிக்கு ஒன்று என இரண்டாகப் பிரித்து வழங்கும் வழக்கம் நிலைபெற்றது. அவ்வாண்டில் பாட்டுக்கான விருது ‘தேவ் டி’ படத்துக்காக அமித் திரிவேதிக்கும், பின்னணி இசைக்கான விருது ‘பழசி ராஜா’வுக்காக இளையராஜாவுக்கும் கிடைத்தன.

இந்தச் செய்தியை வைத்துக்கொண்டு இளையராஜாவின் விருதுகளைப் பாருங்கள். ‘சாகர சங்கமம்’ (1983), ‘சிந்து பைரவி’ (1985), ‘ருத்ரவீணா’ (1988) ஆகிய மூன்றும் அவருக்குத் தேசிய விருது பெற்றுத் தந்தவை. மூன்றிலும் கதை என்ன? ஒன்று நடனக் கலைஞனைப் பற்றியது. ஏனைய இரண்டும் பாடகர்களைப் பற்றியவை. இசை கதையின் முகத்திலேயே வீற்றிருக்கும் படங்கள் அவை. 1987-இல் வெளிவந்த ‘நாயகன்’ போன்ற படங்களில் அவர் பின்னணியில் செய்த பணியை வியக்காத ரசிகர் இல்லை. ஆனால் அப்படத்தின் நடிப்புக்கும் ஒளிப்பதிவுக்கும் கலை இயக்கத்துக்கும் தேசிய விருது கிடைக்க, இசைக்கான விருது அவ்வாண்டு ‘தமஸ்’ படத்துக்காக வன்ராஜ் பாட்டியாவுக்குச் சென்றது. மறைந்து ஒலிக்கும் இசைக்கென்று தனித்த தராசு வந்தபின் நிலை மாறியது. ‘பழசி ராஜா’வுக்குப் பிறகு ‘தாரை தப்பட்டை’க்கும் அவருக்குப் பின்னணி இசை விருது கிடைத்தது. ரஹ்மானுக்கோ 2017-ஆம் ஆண்டுப் படங்களுக்காக இரு விருதுகளும் ஒருங்கே வந்தன; பாட்டுக்கு ‘காற்று வெளியிடை’, பின்னணிக்கு ‘மாம்’. ஆகவே, “இவருக்கு இத்தனை, அவருக்கு இத்தனை” என்று எண்ணிக்கை சொல்பவரிடம், “எந்தத் தராசில் இத்தனை?” என்று கேளுங்கள்.

இந்நகரத்திலிருந்து வழங்கப்படும் பிலிம்பேர் விருதுகளும் இவ்வழியே வந்தவைதாம். 1954-இல் அவை தொடங்கியபோது ஐந்தே ஐந்து பரிசுகள். அவற்றுள் இசையமைப்பாளருக்கும் ஒன்று உண்டு. ‘பைஜு பாவ்ரா’வுக்காக நௌஷாத் அதைப் பெற்றார். பின்னணிப் பாடகருக்கு 1959 வரை பரிசு கிடையாது. பின்னணி இசைக்குத் தனிப் பரிசு வருவதற்கு 1998 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முதலில் மெட்டு, பிறகு குரல், கடைசியில்தான் வாத்தியம் என்னும் இந்த வரிசை நம் செவியின் பழக்கத்தையே காட்டுகிறது.

மூன்றாம் கேள்வி: அளந்தவர் யார், எந்த விதியின்படி அளந்தார்?

இங்கே 1973-ஆம் ஆண்டை உங்கள் நினைவுக்குக் கொண்டுவர விரும்புகிறேன். அவ்வாண்டில் உலகின் இரு கோடிகளில் இரண்டு இசைவழக்குகள் நிகழ்ந்தன.

ஒன்று நம் மும்பையில். ‘பாகீசா’ என்னும் இந்திப் படத்தின் இசையமைப்பாளர் குலாம் முகம்மது. நௌஷாதிடம் பல்லாண்டுகள் துணைவராக இருந்தவர். படம் பல ஆண்டுகள் இழுத்துக்கொண்டே போயிற்று. அது முடிவதற்குள், 1968-இல், அவர் காலமாகிவிட்டார். எஞ்சிய பணியையும் பின்னணி இசையையும் நௌஷாத் முடித்துக் கொடுத்தார். 1972-இல் படம் வெளிவந்தது. பாடல்கள் நாடெங்கும் ஒலித்தன. ஆனால் 1973-இல் பிலிம்பேர் இசைப் பரிசு ‘பேயிமான்’ என்னும் படத்துக்காகச் சங்கர்-ஜெய்கிஷன் இரட்டையருக்குத் தரப்பட்டது. அதே ‘பேயிமான்’ படத்தில் நடித்ததற்காகப் பிரானுக்குச் சிறந்த துணைநடிகர் பரிசு அறிவிக்கப்பட்டிருந்தது. அவர் அதைப் பெற மறுத்துவிட்டார். இசைப் பரிசு குலாம் முகம்மதுவுக்கே உரியது என்பது அவர் சொன்ன காரணம். வில்லன் வேடங்களில் நாடெங்கும் அச்சுறுத்திய நடிகர் ஒருவர், தம் கைக்கு வந்த பரிசை, மறைந்துபோன இசைவாணர் ஒருவருக்காக உதறினார். தம் சொந்தப் படத்துக்கு எதிராகவே அவர் பேசினார் என்பதை எண்ணும்போது அச்செயலின் பெருமை விளங்கும்.

மற்றொன்று அமெரிக்காவில். ‘தி காட்பாதர்’ படத்தின் இசைக்காக நினோ ரோட்டாவின் பெயர் ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அந்தப் படத்தின் புகழ்பெற்ற மெட்டை அவர் 1958-இல் ‘ஃபார்ச்சுனெல்லா’ என்னும் இத்தாலியப் படத்தில் ஏற்கெனவே கையாண்டிருந்தார் என்பது தெரியவந்ததும் பரிந்துரை திரும்பப் பெறப்பட்டது. புத்தம்புதிதாக இயற்றிய இசைக்கே அப்பரிசு என்பது விதி. அந்த ஆண்டு அவ்விருதைப் பெற்ற படம் எது தெரியுமா? சார்லி சாப்ளினின் ‘லைம்லைட்’. அது 1952-ஆம் ஆண்டுப் படம்! லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அது 1972-இல்தான் முறைப்படி திரையிடப்பட்டது என்பதால், இருபது ஆண்டுகள் கழித்து அது புதுப்படமாகக் கணக்கிடப்பட்டது. சாப்ளினுடன் அவ்விருதுக்கு உரியவராக அறிவிக்கப்பட்ட ரேமண்ட் ராஷ் 1964-லேயே மறைந்தவர். இதைவிட வியப்பு, ‘காட்பாதர்’ இரண்டாம் பாகத்துக்கு 1975-இல் நினோ ரோட்டாவும் கார்மைன் கொப்போலாவும் அதே விருதைப் பெற்றனர். முதற்பாகத்து மெட்டு அதிலும் ஒலிக்கத்தான் செய்கிறது.

இவ்விரு வழக்குகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரே ஆண்டில் ஓரிடத்தில் இருபது ஆண்டு பழைய இசைக்கும் மறைந்துபோன கலைஞருக்கும் பரிசு கிடைக்கிறது. மற்றோரிடத்தில் நாடே பாடிக்கொண்டிருந்த இசைக்குக் கிடைக்கவில்லை. ஒரு நல்ல மெட்டு விதியினால் விலக்கப்படுகிறது. பிறகு வேறொரு கதவின் வழியே உள்ளே வருகிறது. இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ என்னும் 1986-ஆம் ஆண்டு இசைத்தொகுப்பிலிருந்த பகுதிகளைப் பாலு மகேந்திரா தமது ‘வீடு’ படத்துக்குப் பின்னணியாக அமைத்தார். அந்த முதியவரின் நடையோடும் முற்றுப்பெறாத சுவர்களோடும் அவ்விசை எவ்வளவு பொருந்தியது! ஹாலிவுட் விதியின்படி பார்த்தால் அது போட்டிக்கே வராது. விதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விதியில்லாமல் போட்டி நடத்த இயலாது. விதி விலக்கியது என்பதற்காக இசை தாழ்ந்துவிடாது. விதி ஏற்றது என்பதற்காக உயர்ந்துவிடவும் செய்யாது என்பதே நான் கூறுவது.

‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்துக்காக ரஹ்மான் 2009-இல் இரண்டு ஆஸ்கர் விருதுகளைப் பெற்றபோது, “இதைவிடச் சிறந்த இசையை அவர் தமிழிலேயே தந்திருக்கிறாரே” என்று நம்மவர்கள் வாதாடினார்கள். வாதம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்தப் போட்டி ஒருவரின் வாழ்நாள் பணியை நிறுப்பதன்று. குறிப்பிட்ட ஆண்டில் தகுதி பெற்ற படங்களுள் ஒன்றைத் தேர்வது. இசைத்துறை உறுப்பினர்கள் பரிந்துரைக்க, எல்லாத் துறை உறுப்பினர்களும் இறுதியில் வாக்களிக்கிறார்கள். 2023-இல் ‘நாட்டு நாட்டு’ பாடலுக்காகக் கீரவாணியும் சந்திரபோஸும் பரிசு பெற்றதும் அந்த முறைப்படியே. அக்கேள்விக்கு அது விடை. நம் கேள்வி வேறாக இருந்தால் விடையும் வேறாக இருக்கும்.

வாக்கு என்றதும் நம் இளைஞர்களின் தீராத வழக்கொன்று நினைவுக்கு வருகிறது. 1992-ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதில் ‘தேவர் மகன்’ இசைக்கும் ‘ரோஜா’ இசைக்கும் நடுவர்களின் வாக்குகள் சமமாக நின்றன. குழுத் தலைவரான பாலு மகேந்திராவின் வாக்கு ‘ரோஜா’வின் பக்கம் விழுந்தது. பாலு மகேந்திரா யார்? ‘மூடுபனி’ தொடங்கி இளையராஜாவின் இசையோடு தம் படங்களைப் பிணைத்துக்கொண்டவர். அவர் நட்பின் பக்கம் வாக்களித்திருந்தால் குறை சொல்வார் இல்லை. முதற்படத்திலேயே புதிய ஒலியோடு வந்த இளைஞனை வாழ்த்துவது தம் கடன் என்று அவர் கருதியிருக்கக் கூடும். அந்த ஒரு வாக்கு வேறு பக்கம் விழுந்திருந்தால் ‘தேவர் மகன்’ இசை மேலும் சிறந்திருக்குமா? ‘ரோஜா’வின் இசை குன்றியிருக்குமா? இரண்டும் இருந்தபடியேதான் இருந்திருக்கும். ஒரே ஒரு வாக்கில் தீர்ந்த வழக்கை நாம் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடத்திக்கொண்டிருக்கிறோம்!

பரிசின் பின்னால் மொழிப் பெருமையைக் கட்டுவோரிடமும் ஒரு சொல். தமிழரான மகாதேவனுக்கு இரண்டாம் தேசிய விருதைத் தந்தது ‘சங்கராபரணம்’ என்னும் தெலுங்குப் படம். இளையராஜாவின் முதல் மூன்று விருதுகளுள் இரண்டு தெலுங்குப் படங்களுக்கு. நான்காவது மலையாளப் படத்துக்கு. வங்காளியரான சலில் சௌத்ரி மலையாளச் ‘செம்மீனு’க்கும் தமிழ் ‘அழியாத கோலங்க’ளுக்கும் இசை தந்தார். பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு, இசையும் நம்மைப்போல் ஊர் விட்டு ஊர் போகும் என்பதை யாரும் கற்பிக்க வேண்டுவதில்லை.

நான்காம் கேள்வியே இன்று நான் பேச வந்ததன் முதன்மையான நோக்கம். அது இது: பரிசு யாருடைய உழைப்புக்கு?

மேடையில் ஒருவர் பரிசு வாங்குகிறார். அந்த இசைக்கு வில்லைப் பிடித்த கைகள் எத்தனை? ஊதிய மூச்சுகள் எத்தனை? இந்தித் திரையிசையின் பெருவாத்தியக் குழுக்களை உருவாக்கியவர்களில் பெரும்பங்கினர் கோவாவிலிருந்து மும்பைக்குப் பிழைக்க வந்தவர்கள். மேற்கத்திய முறையில் இசையை எழுதவும் படிக்கவும் அறிந்தவர்கள். மெட்டு ஒருவருடையதாக இருக்கும். எந்த இடத்தில் வயலின்கள் எழ வேண்டும், எந்த இடத்தில் அக்கார்டியன் நுழைய வேண்டும் என்று எழுதித் தந்தவர் வேறொருவராக இருப்பார். சங்கர்-ஜெய்கிஷனின் பாடல்களுக்கு அப்பணியைச் செய்தவர் செபாஸ்டியன் டிசூசா. இரட்டையர் வாங்கிக் குவித்த பிலிம்பேர் பரிசுகளை நாம் எண்ணுகிறோம். டிசூசாவின் பெயரை அறிந்தவர் இந்த அவையில் எத்தனை பேர்? வயலின் ஆசிரியர் ஆன்டனி கொன்சால்வஸின் பெயரையோ நாடே அறியும். ஆனால் அப்பெயருக்குரியவர் உண்மையான இசைக்கலைஞர் என்பதைச் சிலரே அறிவர். அவருடைய மாணவரான பியாரேலால், 1977-ஆம் ஆண்டு ‘அமர் அக்பர் அந்தோணி’யின் பாட்டொன்றில் ஆசிரியரின் பெயர் ஒலிக்கும்படி செய்து நன்றிக்கடன் தீர்த்தார். விருதுக் குழுக்கள் செய்யாததை மாணவர் செய்தார்!

பிற்காலத்தில் மின்னணுக் கருவிகளும் கணிப்பொறியும் வந்தன. ஐம்பது பேர் வாசித்த இடத்தில் ஒருவரே விசைப்பலகையின்முன் அமர்ந்து முடிக்கக்கூடியதாயிற்று. அறிவியல் வளர்ச்சியை நாம் தடுக்க இயலாது, தடுக்கவும் வேண்டாம். ஆனால் வாத்தியம் பயின்று அதையே நம்பியிருந்த பல குடும்பங்கள் வேறு தொழில் தேடிப் போயின. பெயர் பதிவாகாத உழைப்பு முதலில் மறக்கப்படுகிறது; மறக்கப்பட்ட உழைப்புக்கு வேலையில்லாமற் போகும்போது வருந்துவாரும் இல்லை. நாம் எந்த இசையமைப்பாளர் பெரியவர் என்று வாதாடிக்கொண்டிருக்கும்போது அந்த இருவருக்கும் வாசித்தவர் ஒரே வயலின்காரராக இருந்திருக்கலாம். அவரிடம் கேட்டால் நம் சண்டையைப் பார்த்துச் சிரிப்பார்.

ஆகவே, இச்சங்கத்தின்முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஒன்று. திங்களுக்கு ஒரு மாலை நம் சங்கக் கட்டடத்தில் திரையிசை கேட்கும் கூட்டம் நடத்துவோம். பாட்டுக் கச்சேரி அன்று; கேட்கும் கூட்டம். ஒரு படத்தின் ஒரு காட்சியை முதலில் ஒலியின்றிப் பார்ப்போம். பிறகு முழு ஒலியோடு பார்ப்போம். இசை எங்கே தொடங்கிற்று, எங்கே நின்றது, எந்த வாத்தியம் யாருடைய மனத்தைப் பேசிற்று என்று ஒவ்வொருவரும் எழுதிப் படிக்கட்டும். அதன் பிறகு யார் பெரியவர் என்று சண்டையிடுவோர் தாராளமாகச் சண்டையிடலாம். அப்போது அவர்கள் கையில் சான்று இருக்கும். வெவ்வேறு வரிசைகளில் அமர்ந்திருக்கும் என் இளைய நண்பர்கள் இருவருமே முதற்கூட்டத்தை முன்னின்று நடத்த வேண்டுமென்பது என் விருப்பம்.

மற்றொன்று. ஆண்டுதோறும் இந்த மேடையில் சிறுவர் சிறுமியர்க்குப் பாட்டுப் போட்டி நடைபெறுகிறது. இன்று மாலையும் நடைபெற்றது. முதல் பரிசு, இரண்டாம் பரிசு, ஆறுதல் பரிசு என்று பாடியவர்களுக்குக் கோப்பைகள் வரிசையாக இருக்கின்றன. மூன்று மணி நேரமாக ஒவ்வொரு குழந்தைக்கும் சுருதி சேர்த்து, தாளம் தவறியபோது விட்டுப் பிடித்து, அழத் தொடங்கிய சிறுமிக்காக முதலடியை மீண்டும் வாசித்து, அவளைப் பாட வைத்த ஆர்மோனியக்காரருக்கும் தபேலாக்காரருக்கும் இந்த மேசையில் ஒன்றும் இல்லை. தேசிய விருதுகளில் பின்னணி இசைக்கு இடம் நிலைபெற 2009 வரை ஆயிற்று. நமக்கு அவ்வளவு காலம் வேண்டியதில்லை. அரசாணையும் நடுவர் குழுவும் வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு விழாவில் பக்கவாத்தியக்காரர்களுக்கு ஒரு பரிசு ஏற்படுத்துவோம். போட்டியில் அவர்கள் பெயரையும் சேர்த்து அறிவிப்போம். விழா மலரில் அவர்கள் பெயரையும் சேர்த்து அச்சிடுவோம். முதற்பரிசுக்கான தொகையை என் சிறு பங்காகச் செயலாளரிடம் இன்றே ஒப்படைக்கிறேன்.

இளங்கோவடிகள் மாதவியைப் பாடுமுன் குழலோனையும் தண்ணுமையோனையும் பாடினார். அவர் வழிவந்த தமிழர் சங்கம் அதை மறத்தலாகாது.